நிழல் குறுகும் நேரம்

ஆண்டில் இரு நாள்கள் சீர்காழியில் நண்பகலில் நிழல் இல்லாமல் போகிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி இன்னொரு முறை, பகல் 12 மணி 10 நிமிட அளவில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. நட்டுவைத்த கழியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. அறிவியல் ஆர்வலர்கள் இதை ‘நிழலில்லா நாள்’ என்று பள்ளி மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

இவற்றுள் முதலாவது சித்திரையில் வருகிறது. அதன் கடுமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வருவது ஆவணியில். காவிரி நீர் வாய்க்கால்களை எட்டியிருக்கும். குறுவை வயல்கள் பசுமையாக நிற்கும். சம்பாவுக்கான நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருக்கும். மாலையில் அவ்வப்போது மழையும் உண்டு. ‘வெயில் தணிந்துவிட்டது’ என்றே ஊரில் பேசிக்கொள்வார்கள். வெப்பமானியும் அதை ஆமோதிக்கும். ஆனால், வானில் சூரியன் நிற்கும் இடம் சித்திரையில் நின்ற அதே இடம்தான். மேகமற்ற நண்பகலில் அங்கிருந்து இறங்கும் புற ஊதாக் கதிரின் அளவும் ஏறத்தாழ அதேதான்.

வெயில் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு பொருள்களை அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று சூடு, மற்றொன்று, உடலால் உணர முடியாத ஒளி. இவை அறிவியலுக்கு அறிமுகமான விதமே வேறு வேறானது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருப்பதை வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். மறுஆண்டே ஜெர்மனியின் யோஹான் ரிட்டர், ஊதாவுக்கு அப்பாலும் ஏதோ இருக்க வேண்டும் என்று தேடினார். அங்கே வெப்பமானியால் பயனில்லை. சில்வர் குளோரைடு என்ற வெள்ளி உப்பு, ஊதா நிறம் விழுந்த இடத்தைவிட அதற்கு அப்பாலிருந்த இருளில் விரைவாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் தன்னைக் காட்டிக்கொண்டது சூட்டினால் அல்ல, கறுக்க வைத்ததனால்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நம் வானிலைச் செய்திகள் ஹெர்ஷலோடு நின்றுவிட்டன. இன்று எத்தனை டிகிரி, எந்த ஊரில் சதம் என்று நாள்தோறும் படிக்கிறோம். புற ஊதாக் குறியீடு எவ்வளவு என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இக்குறியீட்டின்படி, அளவு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் அதீதம். நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கும் சீர்காழி போன்ற ஊர்களில், ஆண்டின் பெரும்பகுதியில் மேகமற்ற நண்பகல் இந்தக் கடைசிப் படியைத் தொடுகிறது. காரணங்கள் இரண்டு. செங்குத்தாக வரும் கதிர் வளிமண்டலத்தில் கடக்கும் தொலைவு குறைவு. அத்துடன், கதிரை வடிகட்டும் ஓசோன் படலம் இயல்பாகவே வெப்ப மண்டலத்துக்கு மேல் மெலிந்திருக்கிறது. இது அன்டார்டிகா வானில் 1985-இல் அறிவிக்கப்பட்ட ஓசோன் ஓட்டையோடு தொடர்புடையது அன்று. என்றும் இருந்துவரும் இயற்கை நிலை.

இந்தக் கவனக்குறைவால் நேரும் முதல் பிழை, நேரக் கணக்கில் இருக்கிறது. தரையும் காற்றும் சூடேறக் காலம் பிடிக்கும். ஆதலால் வெப்பம் உச்சத்தை அடைவது பிற்பகல் 2 மணி, 3 மணிக்கு. புற ஊதாக் கதிர் காத்திருப்பதில்லை. சூரியன் உச்சிக்கு வரும் 12 மணி 10 நிமிடத்திலேயே அதுவும் உச்சத்தில் இருக்கும். ‘நண்பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்லாதீர்கள்’ என்று ஒவ்வொரு கோடையிலும் வரும் எச்சரிக்கை, வெப்பத்துக்குப் பொருத்தமானது. ஆனால், ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறங்குவது காலை 10 முதல் பிற்பகல் 2 வரையிலான நான்கு மணி நேரத்தில். காலை 10 மணிக்குக் கடற்காற்று வீசும் வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு வியர்வைகூடப் பெருகியிருக்காது. அவருடைய பிடரியிலும் முதுகின் மேற்புறத்திலும் கதிர் இறங்கத் தொடங்கியிருக்கும்.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். நிழல் நீண்டிருந்தால் கவலை குறைவு. சீர்காழியில் சித்திரை மாதம் காலை ஒன்பதே கால் மணிக்கே நிழல் குறுகிவிடும். மீண்டும் உயரத்தைத் தாண்டி நீளப் பிற்பகல் 3 மணி ஆகும். குளிர்ந்து கிடக்கும் மார்கழியிலும் காலை பத்தேகால் முதல் பிற்பகல் 2 வரை, ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிழல் உயரத்துக்குக் குறைவாகவே இருக்கிறது. லண்டனில் வாழ்பவருக்கு டிசம்பரில் இந்தக் கவலையே கிடையாது.

தோலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். புற ஊதாக் கதிரை அலைநீளத்தைக் கொண்டு ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றிலும் கொடிய ‘சி’ வகை முழுவதும் வானிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான ‘பி’ வகையில் சிறுபகுதி மட்டும் தரைக்கு வந்து, மேல்தோலோடு நின்று, அங்குள்ள உயிரணுக்களின் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரு மூலக்கூறுகளைத் தவறாக ஒட்டவைக்கிறது. உடல் பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிடும். சில சமயம் தவறவிடும். 400 நானோமீட்டர் வரை நீளும் ‘ஏ’ வகை ஆற்றலில் குறைந்தது. ஆனாலும் அடித்தோல் வரை ஊடுருவி, தோலை விறைப்பாகத் தாங்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கிறது. சுருக்கமும் தளர்ச்சியும் வருவது இதனால்தான். ‘பி’ வகையைச் சன்னல் கண்ணாடி நிறுத்திவிடும். ‘ஏ’ வகை கண்ணாடியையும் மெல்லிய மேகத்தையும் எளிதில் கடக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனக் காரில் அமர்ந்திருப்பவர் சூட்டிலிருந்துதான் தப்பியிருக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் உடல் வைத்திருக்கும் மறுமொழி மெலனின் என்ற கருநிறமி. இதை உண்டாக்கும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றே; உண்டாகும் நிறமியின் அளவும் தன்மையும்தான் வேறு. மெலனின் துகள்கள் மேல்தோல் அணுக்களுக்குள் சென்று, ஒவ்வொரு அணுவிலும் கருவுக்கு மேற்புறமாகக் குவிந்து நிற்கின்றன. டிஎன்ஏ இருக்கும் அறைக்கு மேலே குடை பிடித்ததுபோல் இருக்கும் இந்தக் காட்சியை நுண்ணோக்கியில் காணலாம். அமெரிக்காவில் 1979-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையர் மேல்தோலை ‘பி’ வகைக் கதிரில் ஏறத்தாழ 24 விழுக்காடு ஊடுருவியது. கறுப்பினத்தவர் மேல்தோலை ஊடுருவியது 7 விழுக்காடு அளவே. நம் மாநிறமும் கருநிறமும் இவ்விரண்டுக்கும் இடையே பல படிகளில் நிற்கின்றன. சிவப்பழகு விளம்பரங்கள் களையச் சொல்லும் அழுக்கு இந்தக் குடைதான்.

ஆகவே, ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் பற்றி நம் கைப்பேசிகளில் உலவும் அச்சுறுத்தல்களில் பெரும்பகுதி நமக்கானது அன்று. வெள்ளைத் தோலர்கள் குடியேறிய ஆஸ்திரேலியாவில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. சட்டை அணி, களிம்பு பூசு, தொப்பி போடு என்று 1981-இல் அங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அது அவர்களுக்கு உயிர் காக்கும் அறிவுரை. இந்தியாவிலோ மொத்தப் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு மிகச் சிறியது. கருந்தோலரிடம் காணப்படும் கொடிய மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய வெயில் படாத இடங்களில் வருகிறது. அதற்குப் புற ஊதாக் கதிர் காரணம் அன்று. அதே 1981-இல் மறைந்த ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு நோய் தொடங்கியது கால் விரல் நகத்தடியில். வெறுங்காலோடு சேற்றில் உழைப்பவர்கள் பாதத்தில் பரவும் கரும்புள்ளியையும், பல ஆண்டுகளாக ஆறாத புண்ணையும் பழைய தீக்காயத் தழும்பில் வரும் புண்ணையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். களிம்பு பூசிக்கொள்வதால் இவற்றைத் தடுக்க முடியாது.

அப்படியானால் நமக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு உண்டு, விளம்பரத்தில் வராத வகையில் உண்டு. முகத்தில் படரும் மங்கு அவற்றில் ஒன்று. மகப்பேறு, இயக்குநீர் மாற்றம் ஆகியவற்றோடு வெயிலும் சேர்ந்து அதை வளர்க்கிறது. மங்கு வந்தவர் கடையில் சொல்லி வாங்கும் ‘முகக் களிம்பு’ பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சில வாரங்கள் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும் அவை கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இன்னொன்று, பிடரியிலும் முன்கையின் வெளிப்புறத்திலும் அரிப்போடு வரும் வெளிர்ந்த சிறு தடிப்புகள். ‘வெயில் ஒவ்வாமை’ என்று பொதுவாகச் சொல்லப்படும் இது, நம் மக்களிடம் மிகப் பரவலானது. தேமல் என்று எண்ணித் தேமல் மருந்தைப் பூசிப் பயன் காணாதவர்கள் பலர்.

காவிரிப் படுகைக்கென்றே சிறப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் வயலோடு பிணைந்த நோய்கள். இரண்டுக்கும் தரப்படும் சிறந்த மருந்து டாக்சிசைக்ளின். அம்மருந்தை உட்கொள்ளும் நாள்களில் தோல் ‘ஏ’ வகைக் கதிருக்கு எளிதில் இலக்காகும். கருந்தோலும் விதிவிலக்கு அன்று. காய்ச்சல் விட்ட இரண்டாம் நாளே கூலி இழக்க மனமின்றி வயலில் இறங்குபவருக்கு முகமும் புறங்கையும் எரிந்து கறுத்துவிடும். அவர் அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிக்கொள்வார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரைக்கும் இக்குணம் உண்டு. மாத்திரையைக் கொடுக்கும்போதே ‘வெயிலில் மூடிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை.

கண்ணும் இமையும் தப்புவதில்லை. கருவிழியை நோக்கி ஓரத்திலிருந்து முக்கோணமாக வளரும் சதை, வெளியில் உழைப்போருக்கே அதிகம் வருகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிடப்பட்ட முடிவு, ‘பி’ வகைக் கதிரை அதிகம் ஏற்றவர்களுக்கு ஒருவகைக் கண்புரை கூடுதலாக வந்ததைக் காட்டியது. பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் கரைகளிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் ஏற்கும் கதிர் அதைவிடச் செங்குத்தானது. அலை நுரை தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. உலர் மணல் 15 விழுக்காட்டை. விளிம்பு அகன்ற தொப்பி ஒன்று கண்ணுக்கு வரும் கதிரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதே கதிர் மருந்தாகவும் இருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் வைத்தீசுவரன்கோயில் இருக்கிறது. அவ்வூரின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர். புள்ளாகிய சடாயுவும் சம்பாதியும், இருக்கு வேதமும், வேளாகிய முருகனும், ஊர் என்னும் பெயர்கொண்ட சூரியனும் வழிபட்ட தலம் என்று அப்பெயரைப் பிரித்து விளக்குவார்கள். சூரியனும், சூரியனுக்கு மிக அருகே பறந்து சிறகு கருகிய சம்பாதியும் ஒரே ஊர்ப்பெயரில் அடங்கியிருப்பது தற்செயலோ என்னவோ. தோல்நோய் நீங்க வேண்டி உப்பும் மிளகும் காணிக்கையிட்டு, சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைக்கும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. வெண்புள்ளி வந்தவர்களும் அக்கூட்டத்தில் இருப்பார்கள். வெண்புள்ளி தொற்றுநோய் அன்று, தொழுநோயும் அன்று, நிறமி அணுக்கள் அழிந்துபோவது.

அதற்கு நம் சித்த மருத்துவம் கார்போகரிசியைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அந்த விதையை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் சொல்லும் முறை நாட்டில் மிகப் பழமையானது. விதையிலுள்ள சோராலென் என்ற பொருளை 1933-இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அப்பொருள் தோலில் இருக்கும்போது ‘ஏ’ வகைக் கதிர் பட்டால் எஞ்சிய நிறமி அணுக்கள் தூண்டப்படுகின்றன. 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதே இணையைச் சொரியாசிஸ் நோய்க்கு அளவிட்டுக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். இப்போது மருத்துவமனைகளில் சோராலென் இல்லாமலே, 311 நானோமீட்டர் அளவிலான ‘பி’ வகைக் கதிரை மட்டும் தரும் விளக்குகள் வந்துவிட்டன. கார்போகரிசியைப் பூசி உச்சி வெயிலில் நின்று தோல் கொப்புளித்தவர்களும் உண்டு. மருந்து ஒன்றே, விளக்குக்கு அளவு இருக்கிறது, வீட்டு முற்றத்துக்கு இல்லை.

வைட்டமின் டி கதையும் இப்படித்தான். தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளை ‘பி’ வகைக் கதிர் வைட்டமினாக மாற்றுகிறது. ‘இளவெயிலில் நில்லுங்கள்’ என்பது நம் வீடுகளில் வழங்கும் அறிவுரை. இதமானதுதான், ஆனால் காலை 7 மணி வெயிலில் ‘பி’ வகை மிகச் சொற்பம். நிழல் குறுகிய பிறகே அது வருகிறது. வாரத்தில் சில நாள்கள் முற்பகல் 11 மணி அளவில் கால் மணி முதல் அரை மணி நேரம் கையும் முகமும் வெயில் பட இருப்பது பெரும்பாலோர்க்குப் போதும்; கருந்தோலருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். வயலில் உழைப்பவருக்கு இந்த அறிவுரையே தேவையில்லை. அடுப்படியிலும் அலுவலகத்திலும் அடைந்து கிடப்பவர்களுக்குத்தான், இத்தனை வெயில் கொட்டும் நாட்டில் வைட்டமின் டி குறைகிறது.

பாதுகாப்பு என்றதும் களிம்பையே நினைக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால், உறையில் அச்சிட்ட அளவுக்குப் பயன் கிடைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். உடல் முழுவதற்கும் ஏறத்தாழ 35 கிராம். 50 கிராம் குழாய் இரண்டு பூச்சுக்குக்கூடப் போதாது. வியர்த்தால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பூச வேண்டும். நடவுக்குப் போகிறவருக்கு இதைப் பரிந்துரைப்பது கேலி. அவர்கள் தாமாகவே கண்டுபிடித்த கவசம் இதைவிட மேல்: சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அடர்ந்த நெசவும் அடர்ந்த நிறமும் கதிரை நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் தடுக்கும் திறன் வெகுவாகக் குறையும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். துண்டோடு ஓர் அகன்ற ஓலைத் தொப்பியும் இருந்தால் பிடரிக்கும் கண்ணுக்கும் நல்லது. களிம்பு உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் வேறு சிலர்: பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், லூபஸ் நோயாளிகள், வெண்புள்ளி உள்ளவர்கள். தான்சானியாவில் நிறமி இல்லாதவர்களுக்கென்றே உள்நாட்டில் களிம்பு தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளும் அதைச் செய்யலாம். தேவைப்படுவோர் எண்ணிக்கை சிறியது, செலவும் சிறியது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது பாராட்டத்தக்கது. அண்டைக் கேரளம் அடுத்த படிக்கும் போய்விட்டது: அங்கே பேரிடர் மேலாண்மை ஆணையம் பல ஊர்களில் கருவி நிறுவிப் புற ஊதாக் குறியீட்டை நாள்தோறும் வெளியிடுகிறது, அளவு கூடினால் வண்ண எச்சரிக்கை விடுக்கிறது. ஒரு மலைத்தொடரின் மறுபுறம் இருக்கும் நமக்கும் அதே சூரியன்தான். கடலோர மாவட்டங்களில் சில கருவிகள், வானிலைச் செய்தியில் கூடுதலாக ஓர் எண், ஊரக வேலைத் திட்டப் பணிகளைக் காலை 10 மணியோடு நிறுத்தி மாலையில் தொடர அனுமதி ஆகியவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

நடவைக் குழுவாகப் பேசி எடுக்கும் ஊர்களில் இந்த நேர மாற்றத்துக்கு அரசாணையும் தேவைப்படாது. புரட்டாசியில் 6 மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடுகிறது. அப்போது வயலில் இறங்கினால் நிழல் குறுகுவதற்குள் மூன்று மணி நேர வேலை முடிந்திருக்கும். அதற்கு நாற்று முந்தைய நாள் மாலையிலேயே பறித்து, முடி கட்டி, வயலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர் நிலத்துக்காரர்.